சுவரில் எழுதிய எழுபது

டெல்மர் ப்ரெக்கி துளைத்த கிணற்றில் தண்ணீர் வராமல் போனது என்று ஒன்றுகூடக் கிடையாது. இதை அவரே சொல்வார். கேட்காவிட்டாலும் சொல்வார். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்ட மனிதர். பதினைந்து வயதில் அடுத்தவன் இயந்திரத்துக்கு அடியில் நின்று சேறு வாரினார். முப்பதில் சொந்த இயந்திரம், நாற்பதில் இரண்டாவது. கிக்கபூ ஆற்றின் இரண்டு கரை மேட்டிலும் எந்தப் பண்ணையில் குழாயைத் திறந்தாலும் பாதி தண்ணீர், பாதி டெல்மரின் வியர்வை என்பது அவர் கட்சி. பொய்யென்றும் சொல்லிவிட முடியாது. சுண்ணாம்புப் பாறை அவரைக் கண்டால் வழிவிட்டது.

ஆனால் அவருடைய பெருமைகளில் கிணற்றுக்கு இரண்டாவது இடம்தான். முதல் இடம் எழுபது பவுண்டுக்கு.

ஒரு வில்லின் நாணை முழுக்க இழுக்க எத்தனை பவுண்டு பலம் வேண்டுமோ, அதுதான் அந்த வில்லின் இழுவை. இந்தக் காலத்துக் கப்பி வில்லில் தண்டின் இரண்டு பக்கமும் ஒரு திருகாணி இருக்கும். முடுக்கினால் இழுவை ஏறும், தளர்த்தினால் இறங்கும். டெல்மரின் திருகாணி முப்பது வருடமாக முடுக்கியபடிதான் இருந்தது. எழுபதுக்குக் கீழே இழுப்பவனை அவர் வேட்டைக்காரனாக எண்ணியதில்லை. மானுக்கு வேடிக்கை காட்டப் போகிறவன் என்பார்.

அவருடைய நிலத்தின் மேற்கு மூலையில், காடு தொடங்குகிற இடத்தில், தகரக் கூரை போட்ட வேட்டைக் கொட்டகை ஒன்று உண்டு. அவரே கட்டியது. அதன் உத்தரத்தில் தீவன மில்லில் மூட்டை எடைபோட்ட பழைய தொங்கு தராசு ஒன்று தொங்கும். ஒவ்வொரு செப்டம்பரிலும் வில் வேட்டைப் பருவம் தொடங்குவதற்கு முந்தின நாள் எல்லோரும் வந்து, தராசின் கொக்கியில் நாணை மாட்டி, வில்லின் கைப்பிடியைக் கீழே இழுக்க வேண்டும். முள் ஏறும், உச்சியைத் தொடும், கப்பி உருண்டதும் சட்டென்று விழும். அந்த உச்சிதான் எண். அதை டெல்மர் பென்சிலால் பலகைச் சுவரில் எழுதுவார். பெயர், வருடம், பவுண்டு. முப்பது வருட எண்கள் அந்தச் சுவரில் இருந்தன.

சட்டமும் ஒன்று உண்டு, அதுவும் அவர் போட்டதுதான். மானுக்கு ரத்தம் வரவைத்துவிட்டுத் தவறவிட்டவன் உடனே கொட்டகைக்கு வந்து சொல்ல வேண்டும். எல்லோரும் கூடித் தேட வேண்டும். கிடைக்காவிட்டால் அந்த ஆள் அந்த வருடம் வில்லை ஆணியில் மாட்டிவிட வேண்டும். அரசாங்கம் கொடுத்த வேட்டைச் சீட்டு பையில் இருந்தாலும் சரி, தொடக்கூடாது. ஐந்து வருடம் முன்பு க்ளீட்டஸ், அவர் கூடவே வளர்ந்த க்ளீட்டஸ், ஒரு பிணைமானை வயிற்றில் அடித்துத் தொலைத்துவிட்டு, "ஒரே ஒரு தடவை, டெல்" என்று கெஞ்சியபோதுகூட டெல்மர் அசையவில்லை. "மான் கெஞ்ச முடியாதுடா. அதுக்குப் பதிலா சட்டம் பேசுது" என்று சொல்லி ஆணியைக் காட்டினார். அந்த வாசகம் மேடு முழுக்கப் பரவியது. அதில் அவருக்கு ரொம்பப் பெருமை.

இந்தப் பெருமை எல்லாம் எங்கே வந்து நின்றது என்பதுதான் கதை.

போன குளிர்காலத்தில் பனி உறைந்த இயந்திர ஏணியில் கால் வழுக்கி, வலக்கையால் கம்பியைப் பிடித்து டெல்மர் அந்தரத்தில் தொங்கினார். விழவில்லை. தோளுக்குள் ஏதோ துணி கிழிவது போலக் கிழிந்தது. லா க்ராஸ் ஆஸ்பத்திரியில் டாக்டர் ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டி, தசைநார் கிழிந்திருக்கிறது, அறுத்துத் தைக்க வேண்டும் என்றார். "எனக்கு வயலும் இயந்திரமும் காத்துக்கிட்டிருக்கு" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். மனைவி லவானிடம் மட்டும் சுளுக்கு என்றார். அவள் தினமும் தைலம் தேய்த்தாள்.

ஆகஸ்ட் மாதம் ஒரு மத்தியானம் வைக்கோல் களஞ்சியத்தில் நின்று வில்லை எடுத்தார். நாண் பாதி வந்தது. அதற்கு மேல் வரவில்லை. வில்லை வானத்தைப் பார்த்துத் தூக்கி, உடம்பையே ஊஞ்சலாக ஆட்டி இழுத்தார். பல்லைக் கடித்ததில் தாடை நடுங்கியது. வரவில்லை. கடைசியில் ஆறு பட்டைச் சாவியை எடுத்து இரண்டு திருகாணியையும் ஒரு சுற்றுத் தளர்த்தினார். இழுத்தார். இன்னொரு சுற்று. இன்னொன்று. எத்தனை சுற்று என்று எண்ணுவதை நாலோடு நிறுத்திவிட்டார். நாண் கன்னத்துக்கு வந்து சேர்ந்தபோது நெற்றி வியர்வை கண்ணில் இறங்கியிருந்தது. தராசு நூறு தப்படி தூரத்தில்தான் தொங்கியது. கொண்டுபோய் மாட்டிப் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. எண் தெரியாதவரை அது எழுபதாகவே இருக்கலாம் அல்லவா!

செப்டம்பர் வந்தது. கொட்டகையில் நான்கு பேர். டெல்மர், க்ளீட்டஸ், பக்கத்துப் பால்பண்ணைக்காரி மார்லிஸ், மாப்பிள்ளை வென்டல். மார்லிஸ் புருஷனைப் புதைத்த மறுவருடம் அவன் வில்லைத் தனக்கேற்பத் தளர்த்திக்கொண்டு வேட்டைக்கு வந்தவள். நாக்கு அம்பைவிடக் கூர். வென்டல் விரோக்வாவில் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லித் தருகிறவன். மகள் ஜோலின் அவனைக் கட்டிக்கொண்ட நாளிலிருந்து டெல்மர் அவனைப் பெயர் சொல்லி அழைத்ததில்லை.

"வாங்க வாத்தியாரே! வில்லை மாட்டுங்க. பாத்து, தராசு பயந்துரப் போவுது."

வென்டல் சிரித்துக்கொண்டே மாட்டி இழுத்தான். முள் நாற்பத்தெட்டில் நின்று விழுந்தது.

"நாப்பத்தெட்டு!" க்ளீட்டஸ் விசிலடித்தான். "என் பாட்டி கோட்டுப் பொத்தான் போடறதுக்கு இதைவிட அதிகமா இழுப்பா."

"உன் பாட்டி கோட்டைப் போட்டுக்கிட்டாளா, இல்ல உள்ள பூட்டிக்கிட்டாளா?" என்றாள் மார்லிஸ். அவளுடையது நாற்பத்தொன்று. அதைப் பற்றி யாரும் விசிலடிக்கவில்லை. அவள் போன மூன்று வருடமும் மான் எடுத்திருந்தாள்.

வென்டல் தன் அம்பு ஒன்றை எடுத்துக் காட்டினான். கனமான தண்டு. முனையில் குறுகலான, அசையாத இரண்டு பட்டை அலகு, சவரக் கத்தி போல. "இழுவை கம்மியா இருந்தா அம்பு கனமா இருக்கணும், டெல்மர். அலகு குறுகலா இருக்கணும். மெதுவாத்தான் போகும். ஆனா நிக்காது, உள்ள போய்க்கிட்டே இருக்கும்."

"கரும்பலகைல போட்டுக் காட்டுங்க வாத்தியாரே, மான் வந்து படிச்சிட்டுத் தானா சாகும்." டெல்மர் தன் அம்பை ஆட்டினார். லேசான தண்டு, விரியலகு. அது பறக்கும்போது மடங்கியிருந்து, தோலில் பட்டதும் இரண்டு அங்குலத்துக்கு இறக்கை விரிக்கும். "போன கிறிஸ்துமஸுக்கு இதே அலகு ஒரு பாக்கெட் குடுத்தேனே, எங்க? ஆம்பிளை அலகுய்யா அது. மாட்ட வெக்கமா?"

"வீட்ல பத்திரமா இருக்கு" என்றான் வென்டல்.

க்ளீட்டஸின் அறுபத்திரண்டையும் எழுதியானதும் மார்லிஸ் கேட்டாள்: "உனக்கு, டெல்?"

"எனக்கென்ன, எழுபது. என்னிக்கு மாறியிருக்கு?" என்று சொன்னபடியே பென்சிலை ஓட்டினார். வில் தராசுப் பக்கம் போகவே இல்லை. யாரும் கேட்கவில்லை. முப்பது வருடம் எழுதிய கை எழுதுகிறது, எப்படிக் கேட்பார்கள்? வென்டல் மட்டும் குனிந்து தன் அம்புகளைத் தூணியில் அடுக்கிக்கொண்டிருந்தான். அவசரமில்லாத வேலையை அவசரமாகச் செய்வது போலிருந்தது.

அக்டோபர் முதல் வாரம். புல் நுனியில் வெள்ளை பூத்த காலை. டெல்மர் ஓக் மரத்துப் பரணில் உட்கார்ந்திருந்தார். எட்டுக் கிளைக் கொம்போடு ஒரு கலைமான் பள்ளத்திலிருந்து ஏறிவந்து, பதினெட்டு கஜத்தில், விலாவை முழுக்கக் காட்டிக்கொண்டு நின்றது. கடவுள் தட்டில் வைத்து நீட்டியது போல. இரண்டு மணி நேரக் குளிரில் தோள் கல்லாகியிருந்தது. நாணை இழுத்தார். கன்னத்துக்கு வந்தது, கை ஆடியது. மான் அரை அடி முன்னே வைத்தது. விரல் அவரைக் கேட்காமலே விட்டுவிட்டது.

எழுபது பவுண்டில் அடிக்கும்போது வரும் சத்தம் அவருக்குத் தெரியும். நனைந்த சாக்கில் கம்பைக் குத்தி எடுத்தது போல் ஒரு சத்தம், உடனே மறுபக்கத்து மண்ணில் அம்பு புதையும் இன்னொரு சத்தம். இது அப்படியில்லை. யாரோ மரக்கதவை ஒரு தட்டுத் தட்டியது போல் ‘டொக்’ என்றது. அம்பு தோள்பட்டையில் நாலு விரல் ஆழம்கூடப் போகாமல் நின்று, மான் பாய்ந்தபோது பின்னால் மேலும் கீழும் ஆடியது. அந்த ஆட்டத்தை டெல்மர் கண்ணால் பார்த்தார். பிறகு எத்தனையோ நாள் சாப்பாட்டுத் தட்டிலும் அதைப் பார்த்தார்.

இறங்கிப் போனார். ஐம்பது கஜத்தில் மூன்று சொட்டு ரத்தம். எண்பதில் ஒரு வேலிக் கம்பத்தடியில் முறிந்த தண்டு. அலகும் கொஞ்சம் தண்டும் மானோடு போயிருந்தன. அப்போதே கொட்டகைக்கு ஓடியிருக்க வேண்டும். க்ளீட்டஸ் கிழக்குப் பரணில் இருந்தான், மார்லிஸ் பால் கறந்து முடித்திருப்பாள், சனிக்கிழமை என்பதால் வென்டலும் வந்திருப்பான். நான்கு பேர், எட்டுக் கண். ஆனால் வந்தவுடன் அவர்கள் கையில் இந்தத் தண்டை வாங்கிப் பார்ப்பார்கள். எழுபது பவுண்டில் அடித்தும் இவ்வளவுதான் போச்சா, டெல் என்று கேட்பார்கள். அந்தக் கேள்வி அவர் காலைக் கட்டிப் போட்டது.

மத்தியானம் வரை தனியாகத் தேடினார். இலை இலையாகப் புரட்டினார், முழங்காலில் ஊர்ந்தார். ஓடைக்கு அந்தப் பக்கம் ஒரு சொட்டுகூட இல்லை. திரும்பும் வழியில் களஞ்சியத்துக்குப் பின்னால், தாம் முதன்முதலில் துளைத்த கிணறு, இப்போது மூடிபோட்டுக் கிடக்கும் பழைய குழாய், அங்கே நின்றார். மூடியைத் தூக்கி முறிந்த தண்டை உள்ளே போட்டார். நூற்றிருபது அடி. தண்டு குழாயின் சுவரில் தட்டித் தட்டிப் போனது, போய்க்கொண்டே இருந்தது. தண்ணீரைத் தொட்ட சத்தம் கேட்கும்வரை நிற்கவில்லை.

"என்ன பாத்தே இன்னிக்கு?" என்றான் க்ளீட்டஸ், கொட்டகையில் தனக்கும் வென்டலுக்கும் காப்பி ஊற்றியபடி.

"அணில்" என்றார்.

ஐந்து வாரம் போனது. டெல்மர் பரணுக்குப் போனார், உட்கார்ந்தார், வந்தார். வில்லைத் தூக்கவில்லை. தம் சட்டத்தைத் தாமே ரகசியமாகக் கடைப்பிடிப்பதாக மனசுக்குள் ஒரு சமாதானம் சொல்லிப் பார்த்தார். அது ஒட்டவில்லை. ரகசியமாகக் கட்டும் அபராதத்துக்கு என்ன மதிப்பு?

நவம்பர் இரண்டாவது சனிக்கிழமை பதினோரு மணி வாக்கில் மார்லிஸின் டிராக்டர் கொட்டகை வாசலில் வந்து நின்றது. பின் தட்டில் ஒரு கலைமான். எட்டுக் கிளை.

"சும்மா வந்து நின்னுச்சு" என்றாள். அவள் முகத்தில் மான் எடுத்த களையே இல்லை. "இணை தேடற பருவத்துல ஒரு கலை இப்படி நடந்து நான் பாத்ததில்ல. மூணு கால்ல வந்தது. பாவம், விலா எலும்பை எண்ணலாம். அடிக்கணுமேன்னுதான் அடிச்சேன்."

அவளுடைய நாற்பத்தொரு பவுண்டு அம்பு இந்தப் பக்கம் போய் அந்தப் பக்கம் வந்திருந்தது. அதை யாரும் கவனிக்கவில்லை, எல்லோர் கண்ணும் தோள்மேல்தான். தோலை உரித்தபோது நாற்றம் கொட்டகையை நிறைத்தது. க்ளீட்டஸ் மூக்கைப் பொத்திக்கொண்டு கதவைத் திறந்துவிட்டான். மார்லிஸ் கத்தி நுனியால் சீழைக் கிளறி, எலும்பில் தைத்திருந்ததை எடுத்து, பழைய காப்பி டப்பாவில் போட்டாள். ‘டிங்’ என்றது. விரியலகு. ஒரு இறக்கைதான் விரிந்திருந்தது, மற்றது பாதியில் மடங்கி நின்றிருந்தது.

"இதை வச்சிருக்கறவங்க இங்க ரெண்டே பேர்" என்றான் க்ளீட்டஸ். டப்பாவை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தான். "டெல் எழுபதுல அடிச்சிருந்தா எலும்பைப் பொளந்துக்கிட்டு அந்தப் பக்கம் போயிருக்கும். இது பட்டும் படாம நின்னிருக்கு. சின்ன வில்லு அடிச்ச அடி." திரும்பினான். "வாத்தியாரே. டெல் குடுத்த பாக்கெட் உங்ககிட்டதானே இருக்கு?"

வென்டலின் முகம் சிவந்தது. "நானா? அந்தப் பாக்கெட்டை நான் இன்னும்..." என்று தொடங்கியவன் நிறுத்தினான்.

டெல்மரைப் பார்த்தான். நேராக முகத்தை அல்ல. வலது தோளை. ஒரு நொடிதான். அப்புறம் தரையைப் பார்த்தான்.

"இன்னும் என்ன? முழுங்காம சொல்லு" என்றான் க்ளீட்டஸ். "அடிச்சதோட சரி, வந்து சொல்லக்கூட இல்ல! எத்தனை வாரமோ, சீழோட நடந்திருக்கு. நான் வயித்துல அடிச்சப்போ அன்னிக்கே ஓடிவந்து அழுதேன், தெரியுமா? டெல், நீ சொல்லு. சட்டம் போட்டவன் நீ."

எல்லோரும் டெல்மரைப் பார்த்தார்கள். மார்லிஸ் கத்தியைத் துடைத்துக்கொண்டிருந்தாள், அவளும் பார்த்தாள். வாயைத் திறந்தால் போதும், மூன்றே சொல்தான். ‘அது என் அம்பு.’ டெல்மர் வாயைத் திறந்தார்.

"சட்டம் சட்டந்தான்" என்றார்.

அவர் குரல்தான் அது. காதில் விழுந்தபோது வேறு யாரோ பேசியது போலிருந்தது. வென்டல் தன் வில்லை எடுத்துப் போய்ச் சுவரில் ஆணியில் மாட்டினான். தூணியை அதன் கீழே வைத்தான். கதவை ஓசைப்படாமல் சாத்திக்கொண்டு போனான்.

"முதுகெலும்பே இல்லாத பய" என்றான் க்ளீட்டஸ்.

மார்லிஸ் தோள் இறைச்சியை முழுசாக அறுத்து வாளியில் எறிந்தாள். அப்புறம்தான் வெளியே வென்டலின் வண்டி கிளம்பிய சத்தம் கேட்டது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. சர்ச் முடிந்து மகளும் மாப்பிள்ளையும் சாப்பிட வருவது வழக்கம். மேஜையில் நான்கு தட்டு இருக்கும். அன்று லவான் இரண்டுதான் வைத்தாள். உருளைக்கிழங்குக் கிண்ணத்தை இறக்கிவிட்டு, ஏப்ரன் பையிலிருந்து எதையோ எடுத்து அவர் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

விரியலகுப் பாக்கெட். கிறிஸ்துமஸ் ரிப்பன் இன்னும் அதில் ஒட்டியிருந்தது. உறை பிரிக்கவே இல்லை.

"ஜோலின் காலைல கொண்டாந்து குடுத்தா. அழுதா. ‘அப்பாகிட்டக் காட்டும்மா, அவர் பாத்தா போதும்’னா."

டெல்மர் பாக்கெட்டைத் தொடவில்லை. "இதை நேத்தே அவன் கொண்டுவந்து காட்டியிருக்கலாமே? பத்து நிமிஷ தூரம். வாயில என்ன கொழுக்கட்டையா?"

"காட்டியிருந்தா மிச்சம் யாரு, டெல்மர்?"

அவர் உப்புக் குப்பியைத் தம் பக்கம் நகர்த்தினார்.

"ரெண்டு பேர்ல ஒருத்தன் இல்லேன்னா, இன்னொருத்தன்தானே? கணக்கு வாத்தியாருக்கு அது தெரியாதா?" லவான் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். "ஆகஸ்ட்ல ஏணி கேட்டு வந்தான். நீ களஞ்சியத்துல வில்லை இழுக்க முடியாம நின்னதைப் பாத்திருக்கான். ஏணியை வாங்காமலே நேரா இங்க வந்தான். ‘நான் வந்தேன்னு டெல்மர்கிட்டச் சொல்லாதீங்க. அவருக்குச் சங்கடமா இருக்கும்’னான். உன் தோளைத் தேய்க்கறவ நான். எனக்குத் தெரியாதுன்னு நினைச்சே. அவனுக்கும் தெரியாதுன்னு நினைச்சே. வீட்ல எல்லாருக்கும் தெரியும்யா, அது உனக்கு மட்டுந்தான் தெரியலை."

"நீ ஏன் சொல்லலை?"

"நீயா சொல்லுவேன்னு இருந்தேன்." கிழங்கை அவர் தட்டில் வைத்தாள். "முப்பத்தொம்பது வருஷமா ஊர் பூரா உன் வீரத்தைக் கேட்டிருக்கேன். ஒண்ணும் சொன்னதில்ல. சாப்பிடு, ஆறிடும்."

எழுபது என்று அவர் நெஞ்சு நிமிர்த்தி நின்றதெல்லாம், மற்றவர்கள் போனால் போகட்டும் என்று விட்டுக்கொடுத்ததில் நின்றதுதான். அதுவும் யார்? நாற்பத்தெட்டு என்று சிரிக்கப்பட்டவன். தட்டைத் தள்ளிவைத்தார்.

திங்கட்கிழமை ஓர் ஆப்பிள் தோட்டத்தில் கிணறு வேலை. அறுபது அடியில் கெட்டிப் பாறை. இயந்திரம் முக்கியது, புகைந்தது, இறங்கவில்லை. டெல்மர் பழக்கத்தில் நிறுத்தினார், அகலமான துளைமுனையைக் கழற்றினார், குறுகலானதை மாட்டினார். "பாரம் பத்தாத இயந்திரத்துல அகல முனையை மாட்டறவன் முட்டாள். கல்லுக்கு உன் வீரம் தெரியாது, முனைதான் தெரியும்" என்று எத்தனை கூலியாளைத் திட்டியிருப்பார்! இதே குற்றத்துக்கு ஒருவனை வேலையைவிட்டே அனுப்பியிருக்கிறார். முனையைத் திருகிக்கொண்டிருந்த கை அப்படியே நின்றது. வென்டல் அம்பைக் காட்டிச் சொன்னது இதைத்தான். ஓர் எழுத்துக்கூட மாறவில்லை. ஐம்பது வருடம் பாறையைத் துளைத்துச் சம்பாதித்த அறிவை, மானுக்கு முன்னால் கழற்றி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். தளர்ந்த வில்லில் அகல அலகு. அந்த மான் அதைத் தோளில் சுமந்துகொண்டு ஐந்து வாரம் நடந்திருக்கிறது, மூன்று காலில்.

தோட்டக்காரர் ஓடிவந்து, "என்னாச்சு டெல், உடம்பு சரியில்லையா?" என்றார். "ஒண்ணுமில்ல. தூசி" என்றார் டெல்மர், கண்ணைக் கசக்கியபடி.

அடுத்த சனிக்கிழமை காலை எல்லோரையும் கொட்டகைக்கு வரச் சொன்னார். வென்டலுக்கு அவரே போன் செய்தார். "வென்டல், கொஞ்சம் வர முடியுமா?" என்று கேட்டார். "யாரு, டெல்மரா?" என்று வந்தது அந்தப் பக்கமிருந்து. பெயரைக் கேட்டதில் அவனுக்கு யார் பேசுவது என்று சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

மூன்று பேரும் நின்றார்கள். டெல்மர் தம் வில்லை எடுத்துப் போய்த் தராசின் கொக்கியில் நாணை மாட்டினார்.

"என்ன கூத்து இது? பருவம் முடியற நேரத்துல நிறுக்கற?" என்றான் க்ளீட்டஸ்.

"நீ முள்ளைப் பாத்துச் சொல்லு."

கைப்பிடியைக் கீழே இழுத்தார். தோள் கத்தியது. கப்பி உருண்டது.

க்ளீட்டஸ் தராசைக் கையால் தட்டிப் பார்த்தான்.

"சொல்லுடா."

"தராசு கெட்டுப் போச்சு போல, டெல்..."

"தராசு நல்லாத்தான் இருக்கு. நான்தான் கெட்டுப் போயிருக்கேன். சொல்லு."

"முப்பத்தொம்பது."

மார்லிஸ்தான் முதலில் பேசினாள். "என்னைவிட ரெண்டு பவுண்டு கம்மி, டெல்." கிண்டல் மாதிரித் தொடங்கியது, முடியும்போது கிண்டலாக இல்லை.

டெல்மர் தொண்டையைச் செருமினார். "அக்டோபர்ல அந்த மானை அடிச்சது நான். பட்டது தெரியும், நின்னது தெரியும். உங்களைக் கூப்பிடலை. தண்டைக் கிணத்துக்குள்ள போட்டேன். போன வாரம் வாயை மூடிக்கிட்டு, இவனை ஆணியில மாட்ட வச்சேன்." இவ்வளவும் ஒரே மூச்சில் வந்தது. இத்தனை வருடம் பேசிய பேச்சில் இதற்கு மட்டும் ஒத்திகை பார்க்கவில்லை.

"அப்போ நான் அன்னிக்கு..." க்ளீட்டஸ் வென்டலைப் பார்த்தான். காதுவரை சிவந்து, தொப்பியைக் கழற்றிக் கையில் திருகினான். "நான் முதுகெலும்பு பத்தி வேற பேசினேன்."

"நான் வெளியில போனப்புறம்தானே பேசினீங்க" என்றான் வென்டல்.

"கேட்டுச்சா?"

"தகரக் கொட்டகை. எல்லாம் கேக்கும்."

டெல்மர் ஆணியிலிருந்து வென்டலின் வில்லை எடுத்து அவன் கையில் கொடுத்தார். தம் வில்லை அதே ஆணியில் மாட்டினார். பென்சிலின் பின்பக்க ரப்பரால் சுவரில் எழுபதைத் தேய்த்தார். முழுக்கப் போகவில்லை. பலகையில் அழுத்தி எழுதியது, பள்ளமாக விழுந்திருந்தது. அதன் பக்கத்தில் முப்பத்தொன்பது என்று எழுதினார்.

மாப்பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்கத்தான் வந்திருந்தார். அந்தச் சொல் அவர் வாய்க்குப் பழக்கமில்லாதது. "நீ ஏன்டா சொல்லலை?" என்றுதான் வந்தது.

வென்டல் வில்லின் நாணைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தான். "உங்களைப் பத்தி யோசிச்சேன். அது தப்பு, டெல்மர். அக்டோபர்லயே கேட்டிருக்கணும். அன்னிக்கு அணில்னு சொன்னப்போ உங்க முழங்கால் பூரா சேறு. பாத்தேன். கேட்டிருந்தா நாலு பேர் தேடியிருப்போம். கிடைச்சிருக்கலாம்." நிமிர்ந்தான். "நீங்க என்னை மாட்ட வச்சதைவிட எனக்கு அதுதான் உறுத்துது. அந்த மான் நம்ம ரெண்டு பேர் மரியாதைக்காகவும் நடந்திருக்கு."

திட்டியிருந்தால் டெல்மர் வாங்கிக்கொண்டிருப்பார். அவன் குற்றத்தில் பங்கு கேட்டது இன்னும் கனத்தது. மார்லிஸ் ஜன்னல் விளிம்பிலிருந்த காப்பி டப்பாவை எடுத்து நீட்டினாள். "இது உன்னுது." உள்ளே அலகு ஒரு இறக்கையோடு கிடந்தது. அவர் ஒரு சிறு ஆணி அடித்து, முப்பத்தொன்பதுக்குக் கீழே அதைத் தொங்கவிட்டார்.

அந்த வருடம் அவர் பரணுக்குப் போகவில்லை. ஜனவரியில் லா க்ராஸுக்குப் போய்த் தோளை அறுத்துத் தைத்துக்கொண்டார். கிணறுகளைப் பற்றிப் பேசுவதை நிறுத்திவிட்டார் என்று நினைக்க வேண்டாம். நர்ஸிடம்கூட எந்த ஊரில் எத்தனை அடியில் தண்ணீர் என்று சொல்லிக்கொண்டுதான் கிடந்தார். ஆனால் யாராவது வேட்டையைப் பற்றிக் கேட்டால் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார், மாட்டுவார், மறுபடி துடைப்பார்.

அடுத்த செப்டம்பரில் தராசுக்கு முன்னால் முதல் ஆளாக வந்து நின்றவர் அவர்தான். தூணியில் கனமான அம்புகள், குறுகலான இரட்டைப் பட்டை அலகுகள். வென்டல் செய்து கொடுத்தவை. நாணை மாட்டி இழுத்தார்.

"முப்பத்தேழு" என்றான் க்ளீட்டஸ், மெதுவாக.

"உரக்கச் சொல்லு" என்றார் டெல்மர். பென்சிலை எடுத்தார்.